முன்னால் போகும் வண்டி

என் கணவர் இருபத்தெட்டு ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவர். மணலிப் பக்கத்து யார்டுகளில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய் இறக்கிவிட்டு, அங்கே வேறொன்றை ஏற்றிக்கொண்டு திரும்புவார். தூரம் என்று பார்த்தால் அதிகமில்லை. ஆனால் துறைமுக கேட்டில் தொடங்கும் வரிசை திருவொற்றியூர் வரை நீண்டுவிட்டால் அந்தத் தூரத்துக்கே ஒரு பகல் போய்விடும். அப்போதெல்லாம் நான் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலைக்கு நடப்பேன். எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிடம். ஒரு பக்கம் கடல், கரையில் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். போன் செய்தால், "பச்சைப் பொட்டி, அதுக்கு அப்பால மூணாவது வண்டி. பார்த்து வா மே" என்பார். பொட்டி என்றால் கன்டெய்னர்.

"மே" என்பது எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைக் கூப்பிடும் சொல். வெளியூர்க்காரர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். எனக்கு வேறு பெயர் இருப்பதே பல நாள் மறந்துபோகும் அளவுக்கு அது பழகியிருந்தது.

நான் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பெரம்பூரில் ஒரு ரயில்வே குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது தொடங்கியது. தொடங்கியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்கு எந்தப் பெயரும் வைக்க நான் தயாராக இல்லை.

ராயபுரத்தில் ஒரு காதுகுத்து. மதியச் சாப்பாடு முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். காசிமேடு தாண்டியதும் முன்னால் ஒரு காலி டிரெய்லர் போனது. அவர் அதன் பின்னாலேயே போனார். நிறைய இடம் இருந்தும் முந்தவில்லை. அது வேகம் குறைத்தால் இவரும் குறைத்தார். எங்கள் தெரு வந்தது. பைக் திரும்பவில்லை.

"யோவ், நம்ம தெரு போயிடுச்சி."

அவர் பதில் சொல்லவில்லை. விம்கோ நகர் போனது. எர்ணாவூர் மேம்பாலத்தில் அந்த டிரெய்லர் ஏற, நாங்களும் ஏறினோம். நான் அவர் தோளை உலுக்கினேன். பாலத்தின் நடுவில் ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம் அது.

யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று ஒரு வார்த்தை பெரம்பூருக்குப் போனால் அதோடு முடிந்தது. குடும்ப வியாதி என்பார்கள், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். அதனால் அவர் தினமும் காலையில் நாஸ்தா சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்கப் போனார். நான் வாசலில் நின்று அனுப்பிவைத்தேன். நாற்பதடி கன்டெய்னர், பதினெட்டுச் சக்கரம், அதைப் பிடித்திருக்கும் மனிதருக்குத் தன் வீட்டுத் தெரு தெரியவில்லை என்பது தெரிந்தே அனுப்பினேன்.

நான்கு மாதம். பள்ளியில் சாம்பார் கொதிக்கும்போது சமையல்காரம்மா, "அக்கா, டோல்கேட்டாண்ட லாரி ஒருத்தர அடிச்சிடிச்சாம்" என்று சொன்னால் கரண்டியை அப்படியே போட்டுவிடுவேன். உடனே அவருக்குப் போன் செய்வேன். எடுத்தால், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைப்பேன். எடுக்காவிட்டால், அவர் திரும்பக் கூப்பிடும்வரை பிள்ளைகளுக்கு முட்டை எண்ணி வைக்கக்கூட முடியாது. சாலையைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். என் வேலையே அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது.

பிறகு ஒருநாள் அவராகவே வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். "முட்டி வலிக்குது மே, கிளச்சு மெறிக்க முடியல" என்றார். சரி என்றேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். அவருக்கு முட்டியில் எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் அவர் வேட்டி சட்டையில் கம்பீரமாக நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். ஒரே ஆளை மூன்று முறை வரவேற்றார். சம்பந்தி வீட்டார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மகள் போனதும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நோய் அதற்காகவே காத்திருந்தது போல வேகம் பிடித்தது. சட்டையைக் கழற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். கண்ணாடியில் தெரியும் ஆளைப் பார்த்து, "யார் நைனா, இன்னா ஓணும்?" என்று கேட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை உண்மையில் கலங்கடித்தது அடுப்பு.

எங்கள் ஊரில் கேஸ் வாடை வந்தால் யாரும் அடுப்பைப் பார்க்க மாட்டோம். காற்று மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து வருகிறதா என்றுதான் பார்ப்போம். அன்று பள்ளியிலிருந்து வந்தபோது தெருமுனையிலேயே லேசான வாடை இருந்தது. வழக்கம்தானே என்று நடந்தேன். கதவைத் திறந்தேன். வாடை அதிகமாக இருந்தது. அப்போதும் ஜன்னலைத்தான் மூடப் போனேன், வெளியிலிருந்து வருவது உள்ளே வராமலிருக்கட்டும் என்று. ஜன்னல் கதவில் கை வைத்த பிறகுதான் சமையலறையிலிருந்து உஸ்ஸென்ற சத்தம் காதில் விழுந்தது. இரண்டு பர்னரும் திறந்திருந்தன. அவர் மேடையருகே ஒரு முக்காலியில் குந்திக்கொண்டு, கையில் தீப்பெட்டியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன பொருள், அதை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நினைவு வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

"டீ போட்டுத் தர்லாம்னு பார்த்தேன் மே" என்றார்.

மறுநாள் மகளை வரவழைத்தேன். மூவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கணவர் டிரைவர் என்று கேட்டதும், மணலியிலிருந்து துறைமுகத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று வழி கேட்டாள். அவர் மடமடவென்று சொன்னார். எந்த இடத்தில் இடது, எங்கே லெவல் கிராசிங், எங்கே போலீஸ் மறிப்பார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. மகளின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் சொன்ன லெவல் கிராசிங்கை மூடிப் பல வருடம் ஆகிறது. அவர் சொன்ன கடைகள் இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த சாலையில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கூட வந்திருக்கிறவங்க யாரு?" என்று டாக்டர் மகளைக் காட்டிக் கேட்டாள்.

"எங்க அக்கா" என்றார்.

மகள் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதாள். டாக்டர் என்னிடம், இது டிமென்ஷியா, மறதி நோய், மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், திருப்பிக் கொண்டுவராது என்று நிதானமாகச் சொன்னாள். "எப்பலேருந்து இப்படி இருக்கார்?" என்று கேட்டாள். "இப்ப ஆறு மாசமா" என்றேன். மகள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முன்னால் வேறு கணக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வாசல் கதவுக்கு மேலே, அவர் கண் போகாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அப்போது உள்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வீடு காலியாக இருந்தது. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

முதலில் கோயில் பக்கம் ஓடினேன், பிறகு மார்க்கெட். பக்கத்து வீட்டுப் பெண் டீக்கடையில் விசாரித்துவிட்டு எதிரே ஓடிவந்தாள். "அக்கா, அண்ணன் கடல் பக்கம் போச்சாம். வெறுங்காலோட போவுதேன்னு டீக்கடைக்காரர் கூப்ட்டாராம், திரும்பியே பார்க்கலியாம்."

கடல் என்றதும் கருங்கற்கள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றின் இடுக்கில் விழுந்தவர்களை எடுத்த கதைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. விரைவுச் சாலைக்கு ஓடினேன். அன்று வரிசை நீளம். வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கற்களின் மேல் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. அலை அடித்து முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்தது.

அப்போதுதான் வரிசையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வண்டி.

திரும்பினேன். ஏழெட்டு வண்டிகளுக்கு அப்பால் ஒரு டிரெய்லர் குலுங்கிக்கொண்டு நின்றது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியின் டிரைவர் எதற்கோ இறங்கிப் போயிருக்கிறார், சாவி அதிலேயே இருந்திருக்கிறது. வண்டிக்கு முன்னால், பத்தடி தூரத்தில், இரண்டு பேர் சாலையில் துண்டை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தினால் அவர் பதறிக் காலை எங்கே வைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி, கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனேன். அவர் கை கியரில் இருந்தது.

"யோவ், நான்தான்யா. அமத்துய்யா வண்டிய."

என்னைப் பார்த்தார். கண்ணில் அடையாளம் எதுவும் இல்லை. "எறங்குங்க. வண்டி எடுக்கப் போறேன்" என்றார்.

அந்த "எறங்குங்க" யாரோ ஒருத்திக்குச் சொன்னது. முப்பது வருடத்தில் அவர் என்னை "நீங்க" என்று பேசியதில்லை. வண்டி ஒருமுறை முன்னால் அசைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

பெண்டாட்டி சொல்லி அவர் கேட்கப்போவதில்லை. பெண்டாட்டியே அங்கு இல்லை. அவர் யார் சொன்னால் கேட்பார் என்று யோசித்தேனா, தானாக வாயில் வந்ததா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

"கேட் மூடிட்டாங்க" என்றேன், துறைமுக ஆபீஸ்காரி போல. "உள்ள க்ரேன் ரிப்பேர். வண்டி எதுவும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கீறாங்க. எல்லாரும் எஞ்சின் அமத்தியாச்சி."

அவர் முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "பேஜாரா கீது" என்று சொல்லிக்கொண்டே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், பிரேக்கைப் போட்டார், சாவியைத் திருப்பினார். வரிசை பிசகவில்லை. பிரேக்கின் காற்று புஸ்ஸென்று இறங்கியது. 

சாவியை வாங்க வேண்டும். சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். இத்தனை வருடத்தில் அவர் ஓட்டிய வண்டியில் ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை. உள்ளே டீசலும் வியர்வையும் கலந்த வாடை. "குந்துங்க மேடம்" என்று பக்கத்து சீட்டைத் துடைத்துக் காட்டினார். "எத்தினி நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"பரவால்ல. எனுக்கும் கொஞ்சம் நல்லதுதான்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனுக்கு ரூட்டு மறந்துபோச்சு மேடம்."

நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருசமா இப்டித்தான். யார்டை வுட்டு வெளிய வந்தா எந்தப் பக்கம்னு தெரில. முன்னாடி போற வண்டிய பார்த்துகினே போவேன். அது ஹார்பருக்குப் போனா நானும் போயிடுவேன். ஒரு தபா அது வேற எங்கியோ போச்சி. மீஞ்சூர் தாண்டிப் போய்ட்டேன். ஒரு பொம்பளப் புள்ள சைக்கிள்ள குறுக்க வந்துச்சி. பிரேக்குன்றது எந்தக் காலுன்னு..." வலது காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "கடைசில கால் தானா மெறிச்சிடிச்சி. புள்ள தாண்டிப் போயிடுச்சி. நான் வண்டிலயே குந்திகினு அழுதேன்."

"வூட்ல சொன்னீங்களா, உங்க சம்சாரத்தாண்ட?"

"ஐயே, அது ரொம்ப பயப்படும். கல்யாணத்துக்குப் பொண்ணு வேற கீது. வூட்ல ஒன்னியும் தெரியாது."

இரண்டு வருடம். அவர் மனதில் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்படியானால் எர்ணாவூர் பாலத்துக்கு வெகு நாள் முன்பே. நான் பயந்துகொண்டிருந்த நான்கு மாதம் அதன் வால்நுனிதான். அவர் தனியாகப் பயந்திருக்கிறார், பிறகு நான் தனியாகப் பயந்திருக்கிறேன், ஒரே பாயில் படுத்துக்கொண்டு. நடுவில் எங்கோ மீஞ்சூர்ப் பக்கம் ஒரு சிறுமி, தனக்கு என்ன தப்பியது என்று தெரியாமல் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

வண்டியின் டிரைவர் வந்தார். கதவைத் திறந்து அவர் கையை ஓங்கியதையும், நான் கும்பிட்டதையும், விவரம் தெரிந்ததும் அவர் கையைக் கீழே போட்டதையும் நீட்டி எழுத வேண்டாம். அவர் தென் மாவட்டத்துக்காரர். "சாவிய விட்டுட்டுப் போனது எந் தப்புதாம்மா" என்றார். என் கணவரைக் கையைப் பிடித்து இறக்கி, தன் ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிவிட்டார். தார்ச்சாலை அப்படிக் கொதித்தது.

அன்று மாலையே மகள் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், நான்கு மாதம், டாக்டரிடம் சொன்ன பொய், வண்டியில் கேட்டது, எல்லாம். 

"எனுக்காகவா தெரிஞ்சே வுட்ட?"

"ஆமா."

"யாராச்சும் செத்திருந்தா?"

நான் எழுந்து அவருக்குச் சோறு பிசையப் போனேன். அவளும் அதை மறுபடி கேட்கவில்லை. பத்து நாள் போன் செய்யவில்லை. பதினோராம் நாள் தன் கணவரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறதா என்று எங்கள் வீட்டு ஓனரைக் கேட்டாள். சம்பந்தி வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். நான் பயந்தது போல அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா ஒரு டப்பா நிறைய ரவா லட்டு கொடுத்தனுப்பியிருந்தார், அண்ணனுக்குப் பிடிக்குமே என்று. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. இதற்காகவா, இவ்வளவு எளிதாக முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காகவா என்று டப்பாவை மூடி வைத்தேன்.

இப்போது அவர் வெளியே போக முயற்சி செய்வதில்லை. வெளியே என்று ஒன்று இருப்பது மெல்ல அழிந்து வருகிறது. சமையல் மாடியில் மகள் வீட்டில்தான். கீழே எரிவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் என் பயம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. கடையில் நின்று என்ன வாங்க வந்தோம் என்று ஒரு கணம் தடுமாறினால் எனக்கு வியர்த்துவிடுகிறது. மகள் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னால் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். அவளும் அப்படியே என்னைப் பார்க்கிறாள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

நான் அவர் மனைவி என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். சொன்னால் மிரள்கிறார். தன் மனைவி சின்ன வயதுக்காரி, இந்த நரைத்த பெண் ஏதோ ஏமாற்றுகிறாள் என்று சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். வேலைக்கு வந்திருப்பவள் என்றால் அமைதியாகிவிடுகிறார். நேற்று மதியம் தூங்கி எழுந்ததும் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"மேடம், வூட்ல எங்க? இன்னும் காணமே."

"கடைக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"தனியாவா போச்சு? ரோடெல்லாம் ஒரே வண்டிங்க."

"பக்கத்துக் கடைதான்."

அவர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கத் தொடங்கினார். நான் சட்டையை மாற்றிவிட்டேன், மாத்திரை கொடுத்தேன், பழம் உரித்து வாயில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார், கண்ணை மட்டும் தெருவிலிருந்து எடுக்கவில்லை. இருட்டும் வரை அங்கேயே நின்றார். தெருவில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்த கை இறுகுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.